கெங்கம்மா உப்பிட்ட காக்கா

2026 ஜனவரி 11, ஞாயிறு: 2
ஜனவரி 12, திங்கள்: 1
ஜனவரி 13, செவ்வாய்: இல்லை
ஜனவரி 14, புதன், போகி: 5
ஜனவரி 15, வியாழன், பொங்கல்: 9
ஜனவரி 16, வெள்ளி: 7
ஜனவரி 17, சனி: 14
ஜனவரி 18, ஞாயிறு, தை அமாவாசை: 11
ஜனவரி 19, திங்கள்: 6
ஆக மொத்தம்: 55

சின்னக்கல்லுக் குப்பத்திலும் அதைச் சுற்றியும் செத்து விழுந்த காகங்களின் கணக்கு இது. துப்புரவு வேலை பார்க்கும் செங்கொடி, தன் பேட்டரி வண்டியின் பக்கத் தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். வேறு யாரும் எண்ணவில்லை. திங்கட்கிழமை ஒன்றை மட்டும் அவள் வண்டியில் ஏற்றவில்லை. அது ஒரு மூங்கில் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கினாலும் செத்தது செத்ததுதானே என்று அதற்கும் ஒரு கோடு போட்டாள்.

அந்தக் கம்பம் கெங்கம்மாவுடையது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில், மேற்கே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, கிழக்கே கடலுக்குள் கருங்கல் கொட்டியிருக்கும் இடத்தில் அந்தக் குப்பம் இருக்கிறது. கல்லுக்கும் வீடுகளுக்கும் நடுவே இருபத்திரண்டு அடி நீளம், பதினைந்து அடி அகலத்தில் ஒரு சிமென்ட் தரை. அதில் முப்பத்தொரு வருஷமாகக் கெங்கம்மா கருவாடு காயவைக்கிறாள். இடம் ஊர்ச் சபையுடையது. கொடுத்ததும் சபை, எடுக்கிறதென்றால் எடுக்க வேண்டியதும் சபை. புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, அந்தத் தரையை வைத்துத்தான் மகளைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்தாள். அவளுடைய கருவாட்டில் மண் கடிபடாது. கத்தியால் வயிற்றைக் கீறி, குடலை ஒரு துளி விடாமல் வழித்து, கடல்தண்ணீரில் மூன்று தடவை அலசி, கல்லுப்பை அள்ளித் திணிப்பாள். ஐம்பத்துநாலு வயசில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் நெத்திலியின் குடலை எடுப்பவள் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு இருந்த ஒரே எதிரி காக்கா. தினமும் காலையில் ஏழு மணிக்கு அவள் குரல் லாரிக்காரர்கள் வரைக்கும் கேட்கும்.

"உங்க வம்சத்துக்கே மருந்து வச்சி ஒயிக்கல, நான் கெங்கம்மா இல்ல!"

முப்பத்தொரு வருஷமாக இதைக் கேட்டு ஊர் சிரித்தது. பன்னிரண்டாம் தேதி காலையில் தரையோரம் ஒரு காகம் செத்துக் கிடந்தது. கருவாட்டுக்காரிகள் வழக்கமாகச் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். காலில் கயிறு கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டாள். செத்த காக்காவைக் கண்டால் மற்றவை கூடிக் கத்திவிட்டு இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் வராது. அவள் மாமியார் செய்தது, மாமியாருக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தது. அன்றைக்கு யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்த்தது அமாவாசையன்று.

மூன்றாவது வீட்டுப் பச்சையம்மாவின் புருஷன் போன அக்டோபரில் படகோடு போனவன். உடம்பு மூன்றாம் நாள் கிடைத்தது. அவனுக்கு இதுதான் முதல் தை அமாவாசை. சோறும் வடையும் பாயசமும் இலையில் போட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, பதினோரு மணியிலிருந்து பச்சையம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எல்லா மாடியிலும் அன்றைக்கு அதே குரல்தான். காகம் வரவில்லை. இரண்டு மணிக்கு மேல் ஒன்று வந்தது. வந்தது சோற்றைப் பார்க்கவில்லை. கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ள, சுவர்மேல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து, இலைமேலேயே விழுந்து செத்தது.

பச்சையம்மா அந்த இலையை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"பாருமே! எம் புருஷனுக்கு வச்ச சோத்துல வந்து செத்து வுளுந்துகீது. உன் நாலு கூடை கருவாட்டுக்கோசரம் அந்த மனுசனைப் பட்டினி போட்டுட்டியே!"

"நான் இன்னாத்துக்குமே மருந்து வைக்கப்போறேன்? என் கருவாட்டு மேல நானே விசம் தூவுவேனா?"

"தெனம் நீதானே கத்திகினு இருப்ப? ஊருக்கே தெரியும். அதோ கம்புல தொங்குதே, அது இன்னா தோரணமா?"

கெங்கம்மா கம்பத்தைத் திரும்பிப் பார்த்தாள். பச்சையம்மாவின் கண்ணைப் பார்த்தாள், அதில் பொய் இல்லை. மெய்யாகவே நம்பித்தான் வந்திருக்கிறாள். அதனால் திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் ஒரு வாடிக்கைக்காரியும் வரவில்லை. விஷம் வைத்த கருவாட்டை யார் வாங்குவார்கள்? சபைச் செயலாளர் பாஸ்கர் மட்டும் வந்தான். வயசு நாற்பது, சொந்தமாக ஃபைபர் போட் இரண்டு, முறைக்கு அவளை அத்தை என்று கூப்பிடுகிறவன்.

"அத்தே, வர்ற ஞாயித்துக்கெயம சபை வைக்கிறோம். எடத்த நீயே வுட்டுக் குட்த்துட்டா மருவாதியா முடிஞ்சிடும்."

"வுட மாட்டேன்."

"அப்ப நீ வைக்கலன்னு காட்டு."

"காட்றேன்."

"இன்னாத்த வச்சிக் காட்டுவ?"

"காக்காவ வச்சிதான்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் வீம்புக்காகச் சொல்லவில்லை. எலி மருந்து தின்ற நாயையும் காக்காவையும் அவள் பார்த்திருக்கிறாள். நுரை தள்ளும், தண்ணீரைத் தேடி ஓடிப் பக்கத்திலேயே விழும். இவை அப்படிச் சாகவில்லை. கழுத்து முறுக்கிக்கொள்கிறது, வட்டம் சுற்றுகிறது, எச்சம் பச்சையாகப் போகிறது. இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எட்டாம் தேதி அலை தொடும் இடத்தில் ஒரு கடற்காகம் செத்து ஒதுங்கியிருந்தது. மார்கழியில் வடக்கேயிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து இறங்குகிற வெள்ளைப் பறவை. நம்மூர்க் காகங்கள் ஐந்தாறு அதைக் கொத்தி எலும்பாக்கின. மூன்றாம் நாள் முதல் சாவு.

"கடக்காக்காவத் துன்னதுதான் மொதல்ல செத்துச்சு. எதோ நோவு இது" என்றாள் செங்கொடியிடம்.

"யார்னா அறுத்துப் பாத்துச் சொன்னாதான்க்கா நம்புவாங்கோ" என்றாள் செங்கொடி. "வேப்பேரில மாட்டாஸ்பத்திரி கீது. செத்தது ஒண்ண அங்க எட்த்துனு போ."

இருபதாம் தேதி விடியற்காலை கல்லிடுக்கில் செத்த காகம் ஒன்று கிடைத்தது. வேப்பேரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்களோ, வெயிலில் பறவை கெட்டுப்போனால் அறுத்துப் பார்க்க என்ன இருக்கும்? கெங்கம்மா கத்தியை எடுத்தாள். வயிற்றைக் கீறினாள். குடலை ஒரு துளி விடாமல் வழித்துக் கடலில் வீசினாள். மூன்று தடவை அலசினாள். இரண்டு கை கல்லுப்பை உள்ளே திணித்து, வெளியேயும் பூசி, நாளிதழில் சுற்றிக் கூடையில் வைத்தாள். இனி நாலு நாளானாலும் கெடாது. அவள் கைபட்டு எது கெட்டிருக்கிறது?

பாரிமுனை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "இன்னா கருவாடுக்கா?"

"விக்கிறதுக்கு இல்லமா."

"ஒண்ணு குடேன், வூட்ல கொயம்பு வைக்கணும்."

"இத்த வச்சா உன் மாமியா உன்ன வூட்ட வுட்டுத் தொரத்திடும்."

வேப்பேரியில் டாக்டர் ஜெனி என்ற பெண் மருத்துவர் பொட்டலத்தின் ஒரு முனையைப் பிரித்தார். உடனே மூடினார். இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"என்னம்மா இது?"

"காக்கா."

"உப்பு?"

"கெடாம இருக்கறதுக்கு."

"குடல் எங்கே?"

"எட்த்துட்டேன்மா. அதான் மொதல்ல நாறும்."

"எனக்கு வேண்டியதே அதுதான். குடல், நுரையீரல், மூளை. அதையெல்லாம் எடுத்துவிட்டு உப்பையும் போட்டுக் கொண்டுவந்தால் நான் எதைப் பரிசோதனைக்கு அனுப்புவேன்?" குரல் சட்டென்று தாழ்ந்தது. "எந்தக் கையால் எடுத்தீர்கள்? கையுறை போட்டிருந்தீர்களா?"

கெங்கம்மா தன் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவ வைத்தார்கள். முகக்கவசம் கொடுத்தார்கள். கூடையையும் பொட்டலத்தையும் மஞ்சள் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், மனிதருக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் பரவினால் நுரையீரலைப் பிடிக்கும் என்று டாக்டர் ஜெனி உட்கார வைத்துச் சொன்னார். மாத்திரை சாப்பிட வேண்டும். முப்பதாம் தேதி வரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

"செய்யறேன்மா. ஆனா ஞாயித்துக்கெயம எனக்குச் சபை. மருந்தா நோவான்னு தெரிஞ்சாவணும்."

கழுத்து முறுக்கு, வட்டம் சுற்றுவது, எட்டாம் தேதி ஒதுங்கிய கடற்காகம் எல்லாவற்றையும் நாள் தவறாமல் அவள் சொல்ல, டாக்டர் எழுதிக்கொண்டார். நடுவில் ஒரு தடவை எழுதுவதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை ஒரு மனுவாகக் கொடுங்கள். நோயா விஷமா என்று இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மனு கொடுத்தால் பதில் உங்கள் பெயருக்கு வந்தே ஆக வேண்டும்."

ஐந்தாம் வகுப்பு வரை படித்த கையால் கெங்கம்மா கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் புதன்கிழமை, வெள்ளை உடுப்பு போட்ட நாலு பேர் குப்பத்தில் இறங்கினார்கள். செத்தவை இரண்டு, சுற்றிக்கொண்டிருந்தது ஒன்று, ஆக மூன்று காகங்களையும், கெங்கம்மாவின் தரையிலிருந்து ஒரு படி நெத்திலியையும் எடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் அடுக்கும்போது வாசலில் உட்கார்ந்தபடி அவள் சத்தம் போட்டாள். "அடில ஐஸ் போடுப்பா! மேல மட்டும் போட்டா சூடு ஏறிடும்!" வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் அடியிலும் போட்டார். பெட்டி போபாலில் இருக்கும் மத்திய அரசின் ஆய்வுக்கூடத்துக்கு விமானத்தில் போயிற்று. அவள் வீட்டுக் கதவில் சுகாதாரத் துறையின் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

ஊர் எட்டி நின்றது. செங்கொடி காலையில் பாலும், சாயங்காலம் சாப்பாடும் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தினமும் காய்ச்சல் பார்க்க வந்த செவிலியின் தெர்மாமீட்டர் ஐந்தாம் நாள் தொண்ணூற்றொன்பதரை காட்டியது.

"காய்ச்சல் இல்லமா, கோவம்" என்றாள் கெங்கம்மா. அடுத்த நாள் அது இறங்கிவிட்டது. ஆனால் காய்ச்சல் கண்ட அந்த ஒரு இரவு முழுக்க அவள் தன் மூச்சையே எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள்.

அதற்கு முன்னால், வியாழக்கிழமை, எதிர்ச்சாரியில் பிராய்லர் கோழிக்கடை வைத்திருக்கும் ஃபவாஸ் வந்து பத்தடி தள்ளி நின்றான். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவன்.

"யக்கா, நோவுன்னு வந்தா எனக்குப் பூட்டு, மருந்துன்னு வந்தா உனக்குப் பூட்டு. நம்ம ரெண்டு பேருல யார் பேஜாராவணும்னு போபால்ல ஒருத்தன் கண்ணாடியப் போட்டுகினு பாத்துகினு கீறான்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும் நைனா?"

"மனுவ வாபஸ் வாங்கிடேன். சபைல நான் பேசறேன். எலிக்கு வச்சது, காக்கா துன்னுடுச்சின்னு சொல்லிடலாம். தெரியாத்தனம்னு வுட்டுடுவாங்கோ."

"பச்சையம்மா புருஷனப் பட்டினி போட்டது நான்தான்னு ஒத்துக்கணும், உன் கோயி விக்கறதுக்கு."

"அப்டிச் சொல்லலக்கா."

"அப்டிதான் வந்து நிக்கற."

ஃபவாஸ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

இருபத்தைந்தாம் தேதி வலைக்கூடத்தில் சபை கூடியது. கெங்கம்மா தன் வாசற்படியில், முகக்கவசத்தோடு, முப்பதடி தூரத்தில். அவள் பேசியது எல்லோருக்கும் கேட்டது. அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"காயிதம் வரும். வந்தா படிங்க. நான்தான் வச்சேன்னு அதுல இருந்தா எடத்த எட்த்துக்கினு ஊர வுட்டே அனுப்புங்க."

"காயிதம் வர்றதுக்குள்ள நாங்க கெயவனாயிடுவோம்" என்று ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அப்போது செங்கொடி எழுந்தாள். அவள் அந்த ஊர்க்காரி இல்லை, வியாசர்பாடிக்காரி. சபையில் பேச அவளுக்கு உரிமையில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"பேசறதுக்கு உரிமையில்ல, செத்ததப் பொறுக்கறதுக்கு மட்டும் கீதா?" என்றாள். "பத்தொம்பதாந்தேதி வரிக்கும் அம்பத்தஞ்சு காக்கா எண்ணினேன். அதுல பதினாலு லாரி யார்டுக்குப் பின்னால, ஒன்ற கிலோமீட்டர் தள்ளி. கெங்கம்மா அக்காவுக்கு அங்க இன்னா வேல? கருவாட்டத் தூக்கினு போய் அங்க காயவச்சாங்களா?"

பச்சையம்மா தலை நிமிர்ந்து கெங்கம்மாவின் வாசலைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். பாஸ்கர் சபைப் புத்தகத்தைப் பிரித்தான். "பிப்ரவரி ஒண்ணு, ஞாயித்துக்கெயம. அதுக்குள்ள காயிதம் வரணும். அப்பால வாய்தா கெடையாது."

நோட்டீஸ் ஒட்டிய கதவுக்குத் தபால்காரர் வர மறுத்தார். கெங்கம்மாவுக்கு வருவதை எதிரே ஃபவாஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. இருபத்தேழாம் தேதி ஒரு கடிதம் வந்தது. ஃபவாஸ் அதை ஒட்டடைக் குச்சியின் நுனியில் செருகி நீட்டினான். மாதிரிகள் பெறப்பட்டன, அவ்வளவுதான். இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஒன்றுமில்லை. முப்பதாம் தேதி ஃபவாஸ் கடையை விட்டு வெளியே தலைகாட்டவே இல்லை.

சனிக்கிழமை காலை செவிலி வந்து கடைசியாகக் காய்ச்சல் பார்த்து, கதவிலிருந்த நோட்டீஸைக் கிழித்தாள். பதினோரு நாளைக்குப் பிறகு கெங்கம்மா வாசலைத் தாண்டினாள். தரைக்குப் போகவில்லை. நேரே கோழிக்கடைக்குப் போனாள்.

ஃபவாஸ் கத்தியைக் கீழே வைத்தான். தராசுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தான்.

"நேத்தே வந்துச்சுக்கா."

அவள் உறையின் ஒட்டுவாயைப் பார்த்தாள்.

"பிரிக்கல. அல்லா மேல சத்தியமா பிரிக்கல. நாளைக்கு சாயந்தரம் வரிக்கும் இது இங்கயே கெடந்தா இன்னான்னு ஒரு தபா தோணிச்சு. ராவெல்லாம் தூக்கம் இல்ல."

"எனக்கும்தான் இல்ல. பிரிச்சிப் படி."

அவன் படித்தான். அனுப்பப்பட்ட மூன்று காகங்களிலும் பறவைக் காய்ச்சல் கிருமி உறுதி செய்யப்பட்டது. பறவைகளிலோ மீன் மாதிரியிலோ விஷப்பொருள் எதுவும் காணப்படவில்லை. ஃபவாஸ் கோழிக்கூண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சுதுக்கா. நாளைக்கு ஒரு ஈ கூட என் கடைக்கு வராது."

"கீய இன்னும் எய்திகீது பாரு. அதையும் படி."

கீழே அறிவுரைகள். கோழிக்கடைகளில் கிருமிநாசினி அடிக்கப்படும். கோழிகளிலிருந்து மாதிரி எடுக்கப்படும். கருவாட்டை வலையால் மூடிக் காயவைக்க வேண்டும். செத்த பறவையை வெறுங்கையால் தொடக் கூடாது. காகங்களுக்கு ஒரு மாதம் உணவு வைப்பதைத் தவிர்க்கவும். நன்றாக வேகவைத்த கோழியையும் முட்டையையும் உண்ணலாம்.

"பாத்தியா? பூட்டுன்னு எங்கனா கீதா? அரைக் கிலோ போடு. சபைக்கு முன்னால எல்லாரும் பாக்க வாங்கினு போறேன். நான் துன்னுட்டு உயிரோட வந்து நிக்கறதப் பாத்தா நாலு பேர் வருவாங்கோ."

ஞாயிறு சாயங்காலம் பாஸ்கர் கடிதத்தை உரக்கப் படித்தான். விஷம் இல்லை என்ற வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள் கெங்கம்மா. படித்தான். இடம் அவளுக்கே என்று முடிவானது. மேலே வலை கட்டவும், இனி செத்த காக்காவைத் தொங்கவிடுவதில்லை என்றும் அவள் ஒத்துக்கொண்டாள்.

பச்சையம்மா கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்து வந்தாள். மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. "அப்ப அடுத்த அமாவாசைக்கு அவருக்கு எங்கமே சோறு வைக்கறது?" என்றாள். காக்காவுக்கு வைக்கக் கூடாது என்று கடிதத்தில் இருக்கிறதே என்ற கவலை அவளுக்கு.

"கடல்ல வுடுவோம்மே. நானும் கூட வர்றேன்" என்றாள் கெங்கம்மா.

பாஸ்கர் சபைப் புத்தகத்தில் முடிவை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான். "காயிதம் என்னிக்கு வந்துச்சு அத்தே? தேதி போடணும்."

ஃபவாஸ் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து" என்றாள் கெங்கம்மா. "வந்த ஒடனே பையன் குட்த்துட்டான்."

சபைப் புத்தகத்தில் 31.1.2026 என்று இருக்கிறது. கடிதம் வந்து சேர்ந்தது 30.1.2026, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி.